மடியில் ஏந்தியது

முதல் வவ்வால் கிளம்பிவிட்டது. மணி ஆறு இருபத்திரண்டு, நோட்டில் எழுதியாயிற்று. இனி நாற்பது நிமிஷம் கண்மாய்த் தண்ணீர் நிறைந்தால் வழிகிற இந்தக் கலிங்கு மேட்டை விட்டு நகரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, கண்ணை மருத மரத்திலிருந்து எடுக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தும்ம வேண்டும் என்று டாக்டர் மேடம் முதல் நாள் சொன்னார், அதெப்படி முடியும் என்று இந்த வேலைக்கு அவர் சேர்த்த நாங்கள் ஐந்து பொம்பளைகளும் மாறி மாறிப் பொய்த் தும்மல் தும்மிப் பார்த்தோம், சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சிரிப்பு எங்கே போனதோ. ஒண்ணு, ரெண்டு, நாலு, தனித்தனியாகக் கிளம்புகிறவரைக்கும் கஷ்டமில்லை, பத்து சேர்ந்ததும் கட்டைவிரலால் டிக்டிக்கை ஒரு அமுக்கு. அந்தக் கருவிக்கு மேடம் சொன்ன பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொண்டு அமுக்கினால் டிக் என்று ஒரு எண் ஏறும், அதனால் டிக்டிக். ஒரு டிக்குக்குப் பத்து வவ்வால். மேற்கே போவது என் கணக்கு, கிழக்கே போவது கண்மாயின் அந்தக் கரையில் மடைக்குப் பக்கத்தில் நிற்கிற மேடத்தின் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள் இப்படி எண்ண வேண்டும், தினமும் விடியக்காலையில் மரத்தடியைப் பார்த்து விழுந்தது எத்தனை, செத்தது எத்தனை என்று எழுத வேண்டும், இதை வைத்துத்தான் கூட்டம் சுகமாக இருக்கிறதா, சீக்கு ஏதும் நுழைந்திருக்கிறதா என்று சொல்ல முடியுமாம். டிக். சீனிக்குச் சுகமில்லை. டிக். இல்லை, இது பத்து ஆகவில்லை, எட்டுதான், அவசரப்பட்டுவிட்டேன், அடுத்ததில் ரெண்டைச் சேர்க்காமல் விட வேண்டும். நேற்றுப் பொழுதடையிலிருந்து பிள்ளைக்கு நூற்றிரண்டு காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் போடுவதற்குத் தன்ஷிகா என்று பேர் வைத்திருக்கிறோம், வீட்டில் சீனி, பதிமூணு மாசம். மாமியார் மடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். செல்போன் ஜாக்கெட்டுக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது, அதிர்வு மட்டும்தான். அயித்தைக்கு எழுத்துத் தெரியாது, பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தெரியும், அதனால் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பிள்ளை தூங்குகிறாள், ரெண்டு கொடுத்தால் முழித்து அழுகிறாள், மூணு கொடுத்தால் எதையும் போட்டுவிட்டு ஓடி வா. மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா அயித்தை என்று கேட்டதற்கு, ஒன்பது பெத்து நாலைப் பொதைச்சவடி நான், எனக்கா எண்ணத் தெரியாது என்றார். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

வராமல் இருந்திருக்கலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே ரெண்டு கரைக்கும் நடந்து எண்ணிக்கொள்வார். ஆனால் உடம்புக்கு என்ன என்று கேட்பார். காய்ச்சல் என்றால் எப்போதிருந்து என்று கேட்பார். அப்புறம் என்னுடைய கையைப் பார்ப்பார், அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், ஆட்டின் கண்ணிமையைக் கீழே இழுத்து உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்ப்பாரே அந்தப் பார்வை. மாட்டு டாக்டருக்குப் பொய் சொல்ல முடியாது, மாடு பேசாததாலேயே அவர்கள் உடம்பைப் படிக்கப் பழகியிருக்கிறார்கள். டிக். ஆனால் நான் சொன்னேனே. புதன்கிழமை சொன்னேனே, முகத்துக்கு நேராக. கையுறை போட்டீங்கல்ல அழகு என்று கேட்டார், போட்டேன் மேடம் என்றேன். என் பேர் அழகுமீனாள், ஊரில் எல்லாரும் மீனா என்பார்கள், இவர் ஒருத்தர்தான் முன்பாதியை எடுத்துக்கொண்டு அழகு என்று கூப்பிடுவார், கேட்கிறபோதெல்லாம் தலையைத் தடவிக்கொள்வேன், அன்றைக்கு மட்டும் அந்தப் பேர் முதுகில் குத்தியது. நோட்டிலும் எழுதினேன். விழுந்தது ஒன்று, உயிர் உண்டு, பிறகு இறந்தது, கையுறை ஆம், முகக்கவசம் ஆம். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்றுதான் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பொய்யும் அச்சு மாதிரிதான் இருக்கிறது.

கையுறை பையில்தான் இருந்தது. மறக்கவில்லை, மறந்தேன் என்று என்னை நானே ஏமாற்ற வேண்டாம். புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் மரத்தடிக்குப் போனபோது வேரோரத்தில் அது கிடந்தது, கழுத்தைச் சுற்றிச் செம்பட்டை மயிர், நாய்க்குட்டி முகம், ஒரு றெக்கை விரிந்து ஒரு றெக்கை மடிந்து, கண் ரெண்டும் என்னையே பார்த்தன. எங்கள் ஊரில் வவ்வால்கள் காவல்சாமி முனியய்யாவின் பிள்ளைகள். தீபாவளிக்கு வெடி கிடையாது, கல்யாண ஊர்வலம் கண்மாய்க்கரைக்கு வந்ததும் கொட்டுமேளத்தை நிறுத்திவிடுவார்கள், விழுந்த வவ்வாலை வெறுந்தரையில் கிடக்க விடக் கூடாது, பொம்பளை ஒருத்தி முந்தானையை விரித்து மடியில் ஏந்தி எட்டுகிற கிளையில் தொங்கவிட வேண்டும். இதெல்லாம் சும்மா என்று நினைக்கிற ஆள்தான் நான். கல்யாணமாகி நாலு வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்காதபோது அயித்தை என்னை இதே மரத்தடிக்குக் கூட்டி வந்தார், பங்குனி வெயிலில் சுருண்டு விழுந்த ஒன்றை ஏந்தச் சொன்னார், ஏந்தினேன், அது என் மடியில் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது, உள்ளங்கை அளவு சூடு. அடுத்த மாசம் தள்ளிப்போனது. தற்செயல்தான். தற்செயல் என்று எனக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாதே. அந்தச் சூட்டை ரப்பர் கையுறை போட்டுத் தொடுவதா, பெற்ற பிள்ளையைக் குறடு வைத்துத் தூக்குகிற மாதிரி. டிக். டிக். இப்போது கூட்டமாக வருகிறது, இருபது, முப்பது, கறுப்புத் துணியை உதறிய மாதிரி. ஏந்தினேன். முந்தானையில் ஏந்தினேன். அதன் வாயிலிருந்து எச்சில் வழிந்து முந்தானையில் ஈரம் பட்டது, எந்த முனையில் பட்டது? கிளையில் மாட்டினேன், பத்து நிமிஷத்தில் மறுபடி விழுந்து செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் கையுறையைப் போட்டேன், மேடம் வருகிறார் என்று. அவர் அதைப் பொட்டலம் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார், சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, திங்கள்கிழமை தெரியுமாம். நான் வீட்டுக்குப் போனேன். சீனி வாயெல்லாம் கேப்பைக்கூழோடு தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஏண்டி கழுதை, கூழில குளிச்சியா என்று தூக்கி, முந்தானையை இழுத்து, துடைத்தேன்.

எந்த முனை? அதைத்தான் மூணு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். வவ்வாலை ஏந்தியபோது முந்தானையின் ரெண்டு முனையையும் இடுப்பில் செருகினேனா, இல்லை ஒரு முனையை இடது கையில் பிடித்தேனா, இடது கையில் பிடித்திருந்தால் ஈரம் பட்டது வலது பக்கம், நான் சோற்றுக்கைக்காரி, பிள்ளையை இடது இடுப்பில் வைத்து வலது கையால் துடைப்பேன், அப்படியானால் வலது முனை, இல்லை, அன்றைக்குக் கூழ்ச்சட்டியை நகர்த்த வலது கை வேண்டியிருந்தது, பிள்ளையை வலது இடுப்புக்கு மாற்றினேன், அப்படியானால் இடது முனை, அப்படியானால் ஒன்றுமில்லை, அப்படியானால் நல்லது. சட்டியை முதலில் நகர்த்தினேனா, துடைத்த பிறகு நகர்த்தினேனா? டிக். எத்தனை டிக் இது? ஐம்பத்தெட்டு. சேலையை அன்றைக்கே வெந்நீரில் முக்கி ரெண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன், அயித்தை கூடப் பார்த்துவிட்டு, என்னடி புதுப் பழக்கம், தீட்டா என்றார். துவைத்த சேலை எதையும் சொல்லாது. மெரூன் சேலை, ஜரிகை இல்லாத பருத்தி, என்னைக் கட்டின மச்சான் போன பொங்கலுக்கு எடுத்துத் தந்தது. முழங்கைக்குக் கீழே ஒரு கீறல் இருக்கிறது, கருவேல முள்ளாக இருக்கலாம், வவ்வாலின் கட்டைவிரல் நகமாகவும் இருக்கலாம், காய்ந்து கறுத்து ஒரு நூல் மாதிரி, அதைப் பார்க்கக் கூடாது, மரத்தைப் பார்க்க வேண்டும்.

மரம் நிறையச் சத்தம். சந்தை கலைகிறபோது எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்று கத்துவது மாதிரி. சின்ன வயதிலிருந்து இந்தச் சத்தத்தில்தான் பொழுது அடைகிறது, பயந்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் தலைக்கு மேலே போகும்போது அதன் வயிற்றைப் பார்க்கிறேன், உள்ளே என்ன கொண்டு போகிறது என்று. மேடம் சொல்லியிருக்கிறார், எல்லாத்துக்கும் சீக்கு கிடையாது அழகு, இருந்தாலும் அது பாட்டுக்கு உள்ளேயே கிடக்கும், பட்டினி போட்டாலோ வெரட்டினாலோ பயமுறுத்தினாலோதான் வெளியே வர்றது கூடும் என்று. பயந்த வவ்வாலுக்குத்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். கண்மாய்க்கு அந்தண்டை ஊரில் போன வருஷம் அதைத்தான் செய்தார்கள். எங்கோ வேறு மாநிலத்தில் காய்ச்சல் என்று டிவியில் வந்தது, வவ்வால் படம் போட்டார்கள், மறுநாள் காலையில் புளியந்தோப்புக்கு அடியில் டயரும் மிளகாய் வற்றலும் போட்டுக் கொளுத்தினார்கள். குட்டிகள் உதிர்ந்து கிடந்தன, புளியம்பழம் மாதிரி. தப்பியது எல்லாம் எங்கள் மருத மரத்துக்குத்தான் வந்தது, அன்றைக்கு ஊர்ப் பொம்பளைகள் எல்லாருடைய மடியும் நிறைந்தது. ஆனால் எங்கள் ஊரும் முன்னே மாதிரி இல்லை. டீக்கடை காசிநாதன் அண்ணன் எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னார், ஏத்தா மீனா, நீ ஆபீசர் ஆனது சந்தோசம், ஆனா ஒண்ணு, இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்கு வவ்வாக் காய்ச்சல்னு பேரு வரட்டும், முனியய்யாகிட்ட நானே மன்னாப்புக் கேட்டுட்டு மரத்துக்குக் கோடாலி எடுப்பேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணே, முதல்ல உன் பாய்லரைக் கழுவு, காய்ச்சல் அங்கேருந்துதான் வரும் என்றேன். அந்த ஒரு பிள்ளை என் பிள்ளையாக இருக்கும் என்று யார் கண்டது. சொன்னால் மரம் போகும். மரம் போனால் இத்தனையும் போகும், எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. சொல்லாவிட்டால், சொல்லாவிட்டால் என்பதற்கு அடுத்த வார்த்தை வரைக்கும் என் மனசு போகவில்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபடி முந்தானை முனைக்குத் திரும்பி ஓடுகிறது, இடதா, வலதா.

அதிர்ந்தது. நெஞ்சுக்குள்ளே அதிர்ந்த மாதிரி இருந்தது, செல்போன்தான். ஒன்று. நின்றுவிட்டது. ஒரு மிஸ்டு கால். தூங்குகிறாள். அப்பாடா, தூங்குகிறாள். உடம்பெல்லாம் வேர்த்து விட்டிருக்கிறது, கலிங்குக் காற்று சில்லென்று படுகிறது. பல்லுக் காய்ச்சல்தான், எல்லாரும் சொல்கிறார்கள், கீழ் ஈறில் வெள்ளையாகத் தெரிகிறது, காலையில் நர்ஸம்மா சிரப் கொடுத்துவிட்டுப் பல்லு முளைக்கிற நேரம் அப்படித்தான் என்றார். வேற எதுவும் உண்டா என்று கேட்டார். வேற என்ன, ஒண்ணுமில்லக்கா என்றேன். கேட்டார் பார், அவர் கேட்டார், கதவைத் திறந்துவிட்டு நின்றார், நான் உள்ளே போகவில்லை. மச்சானும் போனில் கேட்டது, என்ன வவ்வா ஆபீசர், குரல் ஒரு மாதிரி இருக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனிச் சத்தத்துக்குள்ளே நின்றுகொண்டு என் குரலைக் கண்டுபிடிக்கிறது, எனக்கு எரிச்சலாக வந்தது, தூக்கமில்ல, உம் மகதான் என்றேன். பொய் ஒன்றை நோட்டில் எழுதினேன், அது குட்டி போட்டுக்கொண்டே போகிறது. குட்டி. அதோ, இந்த மாசம்தான் தாய்கள் குட்டியோடு பறக்கும், அதோ ஒன்று, மற்றதைவிடத் தாழ்வாக, றெக்கையை அழுத்தி அழுத்தி, வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, முலைக்காம்பைக் கவ்விக்கொண்டே வரும், விடாது. குட்டியோடு போவதை மேடம் தனியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு கோடு. குட்டியோடு போவதை ஒன்றென்று எண்ணுவதா ரெண்டென்று எண்ணுவதா மேடம் என்று கேட்டிருக்கிறேன். ஒண்ணுதான் அழகு, தனியாப் பறக்கிறவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான் என்றார். அது பாட்டுக்குப் பாரம் சுமந்து எங்கேயோ மேற்கே போகிறது, எந்தத் தோப்பில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல். எனக்கும் காலையில் பால் கட்டிவிட்டது. நேற்று ராத்திரியிலிருந்து சீனி சரியாகக் குடிக்கவில்லை, வாயை வைக்கிறாள், உடனே எடுத்துவிடுகிறாள், மூச்சு வாங்க. மூச்சு வாங்க என்று இப்போதுதான் நினைத்தேன். அதுவரைக்கும் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக், டிக், எண்பத்தெட்டு, கட்டைவிரல் மரத்துப்போகிறது. மறுபடி அதிர்ந்தது. இது புதிதா, பழையதன் மிச்சமா? நின்றுவிட்டது. முன்பு வந்தது ஒன்று, இது ஒன்று, ரெண்டு. இல்லை, நடுவே இவ்வளவு நேரம் விட்டால் இது தனி ஒன்று, மறுபடியும் தூங்குகிறாள் என்று அர்த்தம், அயித்தை சொன்னதையே சொல்கிற ஆள்தானே. இல்லை, ரெண்டுதான், முழித்துவிட்டாள். எவ்வளவு நேரத்துக்குள் வந்தால் ரெண்டு என்று பேசி வைக்கவில்லையே, இது என்ன படிப்புப் படித்தேன். மூணாவது வரட்டும். மூணாவது வந்தால் ஓடலாம், போட்டது போட்டபடி ஓடலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, மேடமும் கேட்க மாட்டார், பிள்ளைக்கு முடியவில்லை என்று ஊரே ஓடும், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது, ஆஸ்பத்திரிக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மூணாவது வரட்டும். வானத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விரல் அமுக்கவில்லை. நூறு, இருநூறு போயிருக்கும். எண்ணாமல் போனது எத்தனை என்று இனி யாருக்கும் தெரியாது. நெஞ்சில் அந்த இடத்தையே கவனித்துக்கொண்டு நிற்கிறேன், அதிர்கிறதா, அதிர்கிறதா, அப்போதுதான் உறைத்தது. நான் எதற்குக் காத்திருக்கிறேன். மூணாவது என்றால் என்ன என்று நானேதானே சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைக்கு அது வரட்டும் என்று நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுகிற கஷ்டத்துக்கு, என் பிள்ளைக்கு அது வரட்டும் என்று நிற்கிறேன். கால் தன்னால் மேட்டை விட்டு இறங்கிவிட்டது, எண்ணும்போது யாரும் நகரக் கூடாது, கரையில் செருப்புச் சத்தம் டப் டப் என்று கேட்கிறது, என் செருப்புதான், தலைக்கு மேலே வவ்வால்கள் எதிர்த்திசையில் போகின்றன, ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. மடைக்கிட்டே மேடம் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தபடி இடது கையைத் தூக்கி, போ, போ, இடத்துக்குப் போ என்று சைகை காட்டுகிறார். நான் போகவில்லை.

"மேடம்."

"ஷ். முடியட்டும்."

"மேடம், புதன்கெழம நான் கையுறை போடல."

அவர் வானத்தைப் பார்த்தபடியே ரெண்டு டிக் அமுக்கினார். பழக்கம். அப்புறம் கை இறங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"முந்தானைல ஏந்துனேன். எச்சி பட்டுச்சு. கழுவாம வீட்டுக்குப் போயி, அதே முந்தானையால பாப்பா வாயைத் துடைச்சிட்டேன். எந்த முனைன்னு தெரியல மேடம், யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியவே மாட்டேங்குது. நேத்துலேருந்து காய்ச்சல். நூத்தி ரெண்டு."

மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் பயம் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கையில் இருந்த நோட்டை மூடினார், நடுவில் பென்சிலை வைக்காமலே மூடினார்.

"கையைக் காட்டுங்க." டார்ச்சை அடித்தார். "இது என்ன கீறல்?"

"முள்ளா இருக்கும்."

"இருக்கும்னா?"

"தெரியல மேடம்."

"சரி. கீறலுக்கு உங்களுக்கு இன்னைக்கே வெறிநாய்க்கடி ஊசி. பாப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம், இப்பவே. நடந்ததை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லணும், நீங்களே சொல்லணும். பல்லுக் காய்ச்சலாவும் இருக்கலாம், சளியாவும் இருக்கலாம். ஆனா அதை நாம முடிவு பண்ணக் கூடாது." வண்டிச் சாவியைத் தேடினார், கழுத்திலேயே தொங்கியது. "திட்டுறதுக்கு இப்ப நேரமில்ல அழகு. அப்புறமா உக்கார வச்சுத் திட்டுறேன்."

"மரத்தை வெட்டிருவாங்க மேடம்."

"அந்தப் பயத்தை நாளைக்கு வச்சுக்குவோம்." ரெண்டடி நடந்துவிட்டு நின்றார். "தை மாசம் நூறு ஜோடி கையுறை கொடுத்தேன். இன்னும் டப்பா நெறைய இருக்கு. நானும் பாத்தேன். நல்ல சிக்கனமான பொம்பளைங்கன்னு நெனச்சேன்." சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, சிரிப்பில்லை. "அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்தான். கையுறை போட்டுத் தூக்குனா முனியய்யா பிள்ளையைச் சீ-ன்னு சொன்ன மாதிரின்னு..."

"இதை நீங்க என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்," என்றார். "நானும் கேட்டிருக்கலாம். ஆமா இல்லன்னு ரெண்டு கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்தா யாரு இல்லன்னு எழுதுவா."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், காற்று காதில் அடிக்கிறது, ஒரு ஆளிடம் சொல்லிவிட்டால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை, ரெண்டு ஆளாக வண்டியில் வருகிறது, அவ்வளவுதான், ஆனாலும் இது முன்னே பார்த்து ஓடுகிற பயம். வாசலில் அயித்தை பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும், மூணாவது அடிக்கலாமா வேணாமான்னு இந்தக் கர்மம் பிடிச்சதைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறேன், நீயே வந்துட்ட என்றார். சீனி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், அழக்கூட இல்லை. நெற்றியில் வேர்வை. கை தன்னால் தோளுக்குப் போய் முந்தானையை இழுத்துவிட்டது, பாதி வழியில் நிறுத்தினேன், இது வேறு சேலைதான், துவைத்ததுதான், ஆனாலும் நிறுத்தினேன், அயித்தை ஒன்றும் புரியாமல் கொடியில் கிடந்த துண்டை உருவித் தந்தார். மேடம் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பிள்ளையைத் தொடாமல், குனிந்து பார்த்தார். நான் மாட்டு டாக்டர்தான், ஆனா நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுங்கிறதுதான் ஆஸ்பத்திரில மொதல் கேள்வியா இருக்கும் என்றார். டிக்டிக் கையில இருக்கில்ல? பிள்ளையை மடியில போட்டு உக்காருங்க. சட்டையைத் தூக்குங்க. வயிறு ஒரு தடவை ஏறி எறங்குனா ஒண்ணு. பத்துக்கு ஒண்ணு இல்ல அழகு, ஒண்ணுக்கு ஒண்ணு. நான் மணி பாக்குறேன். இந்த வயசுக்கு ஒரு நிமிஷத்துக்கு நாப்பதைத் தொடக் கூடாது, தொட்டா ஆபத்து.

விரலிலேயே மாட்டியிருந்தது, கழற்ற மறந்திருக்கிறேன். எண்பத்தெட்டு என்று காட்டியது. அது பொய்க் கணக்கு. பக்கத்திலிருக்கும் குமிழைத் திருகினேன், நாலு இடத்திலும் பூச்சியம் வந்தது. சீனியை மடியில் போட்டேன், உள்ளங்கை அளவு வயிறு, அந்தச் சூடு எனக்குத் தெரியும், எங்கேயோ ஏற்கெனவே ஏந்தியிருக்கிறேன். இப்ப, என்றார் மேடம். டிக். டிக். டிக். அயித்தை ஏதோ கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நழுவிய சட்டையைத் தூக்கிப் பிடித்தார். வாசலுக்கு மேலே கடைசிக் கூட்டம் போகிறது, றெக்கைச் சத்தம் கேட்கிறது, நான் நிமிரவில்லை. டிக். தும்மல் வந்தாலும் ரெண்டு கண்ணும் இங்கேதான். பதினெட்டு. பத்தொன்பது. சின்ன மூச்சு ஒன்று, பாதிதான் ஏறியது, எண்ணுவதா விடுவதா, எண்ணினேன். பாதி நிமிஷம் ஆச்சு, என்றார் மேடம். இருபது. இருபத்தொன்று. என் மூச்சை அடக்கிக்கொண்டேன், அதை இதோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்று. முப்பத்தி மூணு. முப்பத்தி நாலு. இன்னும் பத்து செகண்டு, என்றார். முப்பத்தி அஞ்சு.